ஜிம் தனிப்பயிற்சியை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற: படிப்படியான வழி

உடற்பயிற்சிக் கூடத்தில் தனிப்பயிற்சியாளருக்கென்று மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, பாதியில் நிறுத்த நேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மீன்வலைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் எடை கூடிவிட்டது. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது. பஸ்ஸில் போய்வரும் தொலைவில் இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஜனவரியில் சேர்ந்தேன். ஆறு மாதம், 48 வகுப்பு, 36,000 ரூபாய்.

ஏழாவது வாரத்தில் என் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் என் பழைய குறிப்பு எதையும் பார்க்காமல் எடை தூக்கிக் குந்தி எழச் சொன்னார். இரண்டே நாளில் வலது முழங்கால் வீங்கியது. மருத்துவர் மூன்று மாதம் ஓய்வு என்றார். மீதிப் பணத்தைக் கேட்டேன். நிர்வாகம் போட்டுக் காட்டிய கணக்கில் எனக்கு வரவேண்டியதாக இருந்தது 600 ரூபாய். கடைசியில் என் கைக்கு வந்தது 22,500. இடையில் ஆறு மாதம் ஓடியது. முதலிலேயே செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

1. நிறுத்துகிற அன்றே எழுத்தில் கொடுங்கள்

எல்லாவற்றுக்கும் முந்தியது இதுதான். நான் மார்ச் 10 அன்று நேரில் போய், "முழங்கால் சரியில்லை, இனி வரமுடியாது, மீதியைக் கொடுத்துவிடுங்கள்" என்று வரவேற்பில் சொல்லிவிட்டு வந்தேன். "மேனேஜர் வந்ததும் சொல்கிறேன் மேடம்" என்றார்கள். அவர் தொலைபேசியில் பேசினார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். கடிதம் எழுதிக் கொடுத்தது ஏப்ரல் 6 அன்றுதான். இடைப்பட்ட நாட்களுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

கடிதம் ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, கட்டிய தொகை, முடிந்த வகுப்புகளின் எண்ணிக்கை, நிறுத்தும் தேதி, காரணம், திரும்ப வேண்டிய தொகை, எத்தனை நாளுக்குள் வேண்டும், வங்கிக் கணக்கு விவரம். இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். கோபத்தைக் கொட்டாதீர்கள், நாளை இதே கடிதத்தை நுகர்வோர் ஆணையத்தில் மூன்றாவது மனிதர் ஒருவர் படிப்பார்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வாதாட வேண்டாம். அன்று மாலையே அதைப் படம் எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட்டு, அசலை அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே அஞ்சலகத்தில் பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள். கடிதம் சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். ரசீதை ஒட்டி வையுங்கள். அந்த மெல்லிய தாளில் எழுத்து நாலைந்து மாதத்தில் மங்கிவிடும் என்பதால் ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

2. ஒரு கோப்பு தொடங்குங்கள்

கையில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தம் அல்லது சேர்க்கைப் படிவம், பணம் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்தப் பணம் போன பக்கம், பயிற்சியாளரோடும் நிர்வாகத்தோடும் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், சேரும்போது அவர்கள் கொடுத்த விளம்பரத் தாள், உடல்நலக் காரணமாக இருந்தால் மருத்துவச் சான்று.

ஒப்பந்தப் பிரதி பலரிடம் இருக்காது. டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மெயிலில் வரும்" என்று சொல்லிவிடுவார்கள். மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்பதே பின்னால் உங்களுக்கு ஆதரவான சான்றாகும். பில்லும் அப்படித்தான். சேவைக்குப் பில் அல்லது ரசீது தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே குறிக்கப்பட்டிருக்கிறது.

வருகைப் பதிவேட்டை மறக்காதீர்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நாம் கையெழுத்துப் போடும் நோட்டோ அட்டையோ இருக்கும். அது அவர்களிடம்தான் இருக்கும். சண்டை முற்றிய பிறகு அது உங்கள் கண்ணில் படாது. நிறுத்தப் போகிறோம் என்று மனத்தில் பட்டதுமே, உங்கள் பக்கங்களைத் தேதி தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பணத்தை மீட்டுத் தந்தது அந்தப் படங்கள்தான்.

மருத்துவச் சான்று அரசு மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற மருத்துவர், பதிவு எண்ணோடு, தேதியிட்டுக் கொடுத்தால் போதும். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதாமல், எந்த வகைப் பயிற்சியை எத்தனை காலத்துக்குத் தவிர்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவான சான்றுக்கு, "லேசான பயிற்சி கொடுக்கிறோம், வாருங்கள்" என்ற பதில்தான் வரும்.

3. உங்கள் காரணம் எந்த வகை என்று பாருங்கள்

ஒப்பந்தம் போட்ட சில நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகும் உரிமை வெளிநாடுகள் சிலவற்றில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் இருப்பதாக நம்பிப் பலர் வாதாடுகிறார்கள். நம் நாட்டில் ஜிம் ஒப்பந்தங்களுக்கு அப்படிப் பொதுவான உரிமை எதுவும் இல்லை. ஆகவே காரணம் முக்கியம்.

குறை அவர்கள் பக்கம் இருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. சொன்ன பயிற்சியாளர் இல்லை, தகுதியில்லாதவரை மாற்றாகப் போட்டார்கள், நேரத்தை இஷ்டத்துக்கு மாற்றினார்கள், கூடத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள், கருவிகள் பழுது, பெண் பயிற்சியாளர் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு ஆண் பயிற்சியாளரை அனுப்பினார்கள் எனில் இவையெல்லாம் சேவைக் குறைபாடு. குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். ரசீதில் வேறு காலவரை இல்லையென்றால், 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

காரணம் உங்கள் பக்கம் இருந்தால், அதாவது உடல்நிலை, வேலை மாற்றம், விசா வந்துவிட்டது, குடும்பத்தில் துக்கம் போன்றவை என்றால், முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும், கொடுக்காத சேவைக்கான பணம் மொத்தத்தையும் அவர்கள் வைத்துக்கொள்வது நியாயமாகாது. ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 இங்கே உதவும்: ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்த உச்சவரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்க முடியும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்தில் வளைகுடா வேலைக்கு அழைப்பு வந்து கிளம்புகிறவர்கள் நிறைய. அவர்கள் விசா நகலையும் விமான டிக்கெட்டையும் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். அங்கே போனபின் எழுதினால் ஒவ்வொரு தாளுக்கும் வீட்டில் ஒருவரை அலைய வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் இங்கே அடிக்கடி வருகிறது. அண்ணன் துபாயிலிருந்து பணம் அனுப்பினார், பயிற்சி எடுத்தது தங்கை. யார் புகார் செய்வது? இருவருமே செய்யலாம். பணம் கட்டியவருடைய சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அண்ணனிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் தேர்வு, கடலோரக் காவல்படைத் தேர்வு என்று ஓட்டத்துக்கும் கயிறு ஏறவும் தனிப்பயிற்சிக்குச் சேரும் பையன்களில் சிலருக்குப் பதினெட்டு நிரம்பியிருக்காது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவர் மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பெற்றோர் கையெழுத்து இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

4. ஒப்பந்தத்தில் பயமுறுத்தும் வரிகள்

"கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." இந்த வரியைக் காட்டித்தான் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வரி இருக்கிறது என்பதற்காகச் சேவைக் குறைபாட்டுக்கான பொறுப்பு அவர்களைவிட்டுப் போய்விடாது. அதைக் கண்டு திரும்பிவிடாதீர்கள்.

"வழக்கு எதுவாயினும் சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது." என் ஒப்பந்தத்திலும் இது இருந்தது, அவர்களுடைய தலைமை அலுவலகம் சென்னையில். 2019 சட்டத்தின் பிரிவு 34, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. மண்டபத்துக்காரரோ சாயல்குடிக்காரரோ சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ராமநாதபுரம் ஆணையம் போதும்.

"தகராறு நடுவர் மூலமே தீர்க்கப்படும்." இப்படி எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ரத்துக் கட்டணம் 25 சதவீதம், 40 சதவீதம் என்று இருந்தால் அது நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாடத் தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற பெயரில் கொடுக்கும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான்; மாவட்ட ஆணையத்துக்குக் கிடையாது. சிறு தொகைக்காக அங்கே போக வேண்டாம். உங்கள் புகாரில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள். நான் முதலில் எழுதிய வரைவில் ஒப்பந்தமே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டிருந்தேன். இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பார்த்த வழக்கறிஞர் அந்தப் பத்தியை அடித்துவிட்டுத்தான் மேலே படித்தார்.

5. கணக்கை நீங்களே போடுங்கள்

என் கணக்கு: 36,000 ரூபாயை 48-ஆல் வகுத்தால் வகுப்புக்கு 750. நான் போனது 17. மீதி 31. ஆக 23,250 ரூபாய்.

அவர்கள் கணக்கு: வகுப்புகள் 22. "பேக்கேஜை முறித்துவிட்டதால் சலுகை விலை கிடையாது, ஒற்றை வகுப்பு விலை 1,200." ஆக 26,400. அதோடு மொத்தத் தொகையில் 25 சதவீதம் ரத்துக் கட்டணம் 9,000. இரண்டும் சேர்ந்து 35,400. மீதி 600.

17 எப்படி 22 ஆனது? நான் எடுத்து வைத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் 17 வரிகளில் என் கையெழுத்து நீல மையில் இருந்தது. அதற்குக் கீழே ஐந்து வரிகளில் கையெழுத்துக் கட்டம் காலி. வருகைக் கட்டத்தில் மட்டும் கறுப்பு மையில் டிக் அடித்திருந்தார்கள். ஐந்தும் மார்ச் 10-க்கும் ஏப்ரல் 6-க்கும் நடுவே. கேட்டால், "நீங்கள் எழுதிக் கொடுக்காததால் அந்த நேரத்தை உங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தோம்" என்றார்கள். அந்த ஐந்தில் ஒரு தேதி ஞாயிற்றுக்கிழமை. கூடத்துக்கு வார விடுமுறை நாள்! தேதியை நாள்காட்டியில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒரு வகுப்பு உண்மையிலேயே என் தவறு. பிப்ரவரியில் ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் போகாமல் இருந்தேன்; நாலு மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் அந்த வகுப்பு கழியும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைச் சமரசத்தின்போது நானே ஒப்புக்கொண்டேன். உங்கள் பக்கத்துத் தவறை நீங்களே கழித்துக் காட்டினால், மீதிக் கணக்கை எதிரில் இருப்பவர் நம்புகிறார்.

ஒற்றை வகுப்பு விலையில் கழிப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லவே இல்லை. எழுதாத விதியை வாயால் சொல்லிக் கழிக்க முடியாது.

வரி பற்றியும் ஒரு சொல். "ஜிஎஸ்டியை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டோம், அந்தப் பகுதியைத் தரமுடியாது" என்பார்கள். கடன் குறிப்பு (கிரெடிட் நோட்) வெளியிட்டு அந்த வரியைச் சரிக்கட்டிக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இருக்கிறது, அதையே கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண்ணே இல்லாமல் ஜிஎஸ்டி என்று தொகை பிடித்திருந்தால், அதைத் தனிப் பத்தியாகப் புகாரில் எழுதுங்கள். பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

6. மாதத் தவணையில் சேர்ந்தவர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது

நான் 12,000 ரூபாயை யுபிஐயில் கட்டினேன். 24,000 ரூபாயை மாதம் 4,000 என்று ஆறு தவணை. "வட்டியில்லாத் தவணை" என்று சொல்லி, போனில் ஒரு செயலியைத் திறந்து ஆதார், பான் எண் கேட்டார்கள். அது ஜிம் தரும் சலுகை என்று நினைத்தேன். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் எழுதி, மொத்தப் பணத்தையும் ஜிம்முக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே என் கடன் ஒருவரிடம், தகராறு வேறொருவரிடம்.

இதில் பலர் செய்யும் தவறு, ஜிம்மின் மேல் உள்ள கோபத்தில் தவணையை நிறுத்துவது. தவணையைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோபேயை யுபிஐ செயலியிலேயே ரத்து செய்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அதனால் கடன் போகாது. அபராதம் ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும். அடுத்து நகைக்கடனைத் தாண்டி எதற்கு வங்கிக்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுக்கு இன்ஜின் பார்க்கவோ புது வலை எடுக்கவோ கடன் கேட்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதைக் கடையில் தினமும் பார்க்கிறேன்.

செய்ய வேண்டியது: நிதி நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள், சேவை நின்றுவிட்டது, தகராறு இருக்கிறது என்று. கடன் எடுத்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் உடனே கேளுங்கள்: டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது விலகல் காலம் இருக்க வேண்டும், அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டிச் செலவையும் கட்டிவிட்டு அபராதமின்றி வெளியேறலாம். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையைத் தகராறாகப் பதிவு செய்ய முடியும்; அதற்குக் காலவரை குறுகியது, தள்ளிப்போடாதீர்கள்.

நான் ஆறு தவணையையும் கட்டி முடித்தேன். நெஞ்சு எரிந்தது; ஆனால் என் சிபில் கெடவில்லை.

7. 1915-க்குப் பேசுங்கள்

கடிதம் கொடுத்துப் பதினைந்து நாளாகியும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தமிழில் பேசலாம். செலவு இல்லை. பெயர், நிறுவனத்தின் பெயர், தொகை, தேதிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒரு புகார் எண் தருவார்கள்.

இவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறார்கள், அவ்வளவுதான். பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. சிறிய கூடங்கள் சில சமயம் பதிலே போடாது. எனக்கு 19-ஆவது நாள் பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் அந்த 600 ரூபாய்க் கணக்கை எழுத்தில் அனுப்பினார்கள். அதுவரை வாயால் சொன்னதை முதன்முறையாக எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். புகார் தீர்ந்ததோ இல்லையோ, அந்தத் தாள் எனக்குப் பெரிய ஆயுதமாயிற்று.

8. நோட்டீஸ்

ஆணையத்துக்குப் போகுமுன் நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அனுப்புங்கள், கடைசி வாய்ப்புக் கொடுத்தோம் என்பதற்கு அது சான்று. வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. நான் தமிழில் நானே எழுதினேன்: நடந்தது, தேதி வரிசை, கணக்கு, 15 நாள் அவகாசம், தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. கிளைக்கு மட்டும் அனுப்பினால், "எங்களுக்குத் தெரியாது" என்று தலைமை அலுவலகம் ஒதுங்கிக்கொள்ளும்.

வழக்கறிஞர் உதவி வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உதவி எண் 15100. இப்படி ஒரு வழி இருப்பதே நம் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு பொறி: ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பயிற்சியாளரைப் பெயர் சொல்லித் திட்டி எழுதுவது. ஒருவர் அப்படி எழுதி, அவதூறு நோட்டீஸ் வந்து, கடைசியில் கேட்ட பணத்தையும் விட்டுவிட்டுச் சமாதானமாகப் போனதை அறிவேன். வேண்டாம்.

9. மாவட்ட ஆணையத்தில் புகார்

காலக்கெடு: தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அவர்கள் இழுத்தடிப்பதால் இந்தக் கெடு நீளாது.

கட்டணம்: நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. ஜிம் தகராறு எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம் ரூபாய் வரை.

தாள்கள்: புகார் மனு, தேதிவாரிக் குறிப்பு, ஆவணப் பட்டியல், ஆவண நகல்கள், நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், அடையாள அட்டை நகல். வாட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் அச்சிட்டு வைத்தால், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 63 இதைச் சொல்கிறது. எதிர்த்தரப்பு அங்கேதான் ஓட்டை தேடும். ஆணையத்துக்கும், எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும், உங்களுக்கும் தனித்தனிப் பிரதி வேண்டும். எத்தனை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஜெராக்ஸ் எடுங்கள். இணையம் வழியாகப் பதிவு செய்ய 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது.

என்ன கேட்பது: மீதித் தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இழப்பீடாக ஐந்து லட்சம் என்றெல்லாம் எழுதாதீர்கள். 23,250 ரூபாய்க்கான தகராறில் அது உங்கள் முழு மனுவின் நம்பகத்தன்மையையும் குறைத்துவிடும்.

எனக்கு ஆன செலவு, ஜெராக்ஸ், நோட்டரி, அஞ்சல் மூன்றும் சேர்த்து 640 ரூபாய். அதோடு பஸ் கட்டணமும் நான்கு நாள் விடுப்பும்.

நடைமுறை இப்படிப் போகும். புகாரை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஏற்றபின் எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள். கேட்டால் மேலும் 15 நாள் வரை கிடைக்கும். அதற்கு மேல் இல்லை. பரிசோதனை எதுவும் தேவைப்படாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடப்பில் தள்ளிப்போகும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். வரமுடியாத தொலைவில் இருப்பவர்கள் காணொலி மூலம் ஆஜராக மனுக் கொடுக்க முடியும்.

முதல் தேதியிலேயே அசல் ஆவணங்களை எடுத்துப் போங்கள், ஆனால் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் கோப்பை மூன்று முறை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். உள்ளே அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "நிறுத்துவதாக எழுத்தில் சொன்னது எந்தத் தேதி?" ஏப்ரல் 6 என்றேன். மார்ச் 10 என்று சொல்ல முடிந்திருந்தால் அந்த ஐந்து டிக் குறிகளைப் பற்றிப் பேசவே வேண்டியிருந்திருக்காது.

10. சமரசம் வந்தால்

பெரும்பாலும் வரும். நோட்டீஸ் ஆணையத்திலிருந்து போனதும் தொனி மாறும். என்னை அழைத்தவர் முதலில் சொன்னது: "இன்னொரு ஆறு மாதம் இலவசமாகத் தருகிறோம் மேடம்." வீங்கிய முழங்காலுக்கு இலவச வகுப்பு எதற்கு? பணமாகத்தான் வேண்டும் என்றேன். அடுத்து 12,000. பிறகு 18,000. ஆணையத்தில் சமரசப் பேச்சின்போது ஞாயிற்றுக்கிழமை டிக் அடித்த பக்கத்தை மேசையில் வைத்தேன். நான் ஒப்புக்கொண்ட அந்த ஒரு வகுப்பையும் கழித்து, 30 வகுப்புக்கு 22,500 என்று முடிந்தது. வட்டியையும் இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தேன்; இன்னும் ஒரு வருடம் அலைய என்னால் ஆகாது. உங்களால் முடிந்தால் விடாதீர்கள்.

பணம் வருமுன் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பிப் புகாரைத் திரும்பப் பெறவும் வேண்டாம். சமரசம் எதுவானாலும் ஆணையத்தின் முன் பதிவாகி உத்தரவாக வரட்டும். உத்தரவை மீறினால் அதை நிறைவேற்ற மனுப் போடலாம். மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போனால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள்.

11. புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு

ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதம் பத்து வகுப்பு என்று கட்டினால் விலை சற்று கூடும். தகராறு வந்தால் போவது ஒரு மாதப் பணம்தான். பயிற்சியாளர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், அவர் போய்விட்டால் மீதி திரும்ப வரும் என்ற வரியோடு.

நம் கடற்கரைக்கு ஒரு தனி விதி வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்தில் எத்தனையோ வீடுகளில் வருமானம் நின்றுவிடும். எங்களைப் போன்ற கடைகளில் வலை வேலை குவிந்து, பகலே போதாது. வருமானம் இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்டால் சட்டம் அதிகம் உதவாது. ஆகவே சேரும்போதே, "தடைக்காலத்தில் வகுப்புகள் நிறுத்திவைக்கப்படும், காலாவதித் தேதி அந்த அளவு தள்ளிப்போகும்" என்று எழுதி வாங்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை நாட்களுக்கும் அப்படியே. கேட்டால் எழுதித் தருகிறார்கள். என் தங்கை இந்த முறை வேறொரு கூடத்தில் அப்படித்தான் எழுதி வாங்கினாள்.

12. பணம் வந்த பிறகு

வங்கியில் பணம் ஏறிய பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். ஜிம்மின் பெயரில் இருக்கும் ஆட்டோபே அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று யுபிஐ செயலியில் பார்த்து ரத்து செய்யுங்கள். என்னுடையதில் ஆண்டு உறுப்பினர் கட்டணத்துக்கான அனுமதி தனியாக ஒன்று இருந்தது. தவணைக் கடன் முடிந்ததற்கு நிதி நிறுவனத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். அதில் அந்தக் கடன் "முடிந்தது" என்று இல்லாமல் வேறு எப்படி இருந்தாலும், நிலுவையில்லாச் சான்றை இணைத்து அன்றே திருத்தம் கேட்டு எழுதுங்கள்.